மாசி வெயில் ஏறும்போது தோட்டத்தில் வரும் கோளாறுகள்: எதைக் கண்டால் எங்கே தேடுவது

சிவராத்திரியோடு பனி 'சிவசிவா' என்று ஓடிவிடும் என்பார்கள். எங்கள் பக்கம், அதாவது தாராபுரத்தைச் சுற்றி அமராவதி வாய்க்கால் எட்டாத மேட்டாங்காட்டில், பனி ஓடுவதற்கு முன்பே தோட்டம் முனக ஆரம்பித்துவிடும். மூன்று ஏக்கர், எண்பது தென்னை, நாலு மாமரம், வரப்போரம் முருங்கை, இரண்டு மாடு, ஆறு வெள்ளாடு, எண்ணிக்கையில் நிற்காத நாட்டுக்கோழிகள். இவ்வளவுதான் நம் சாம்ராஜ்யம். ஆனால் மாசி பிறந்து பங்குனி முடிவதற்குள் இதில் ஒவ்வொன்றும் ஒரு முறையாவது படுத்துக்கொள்ளும்.

நான் பல வருடம் செய்த தப்பு ஒன்றுதான். மரம் வாடினால் மரத்தைப் பார்ப்பேன், கோழி செத்தால் கோழியைப் பார்ப்பேன், பார்த்த கையோடு மருந்துக் கடைக்கு வண்டியை எடுப்பேன். கடைக்காரர் கேட்காமலே இரண்டு பாட்டில் தருவார். கோளாறு தெரிகிற இடம் ஒன்று, அது கிளம்புகிற இடம் வேறு என்பது புரிய எனக்கு ஒரு மோட்டாரும் பதினாலு கோழியும் செலவாயின. அதனால் கீழே உள்ளதை மருந்துப் பட்டியலாக நினைக்காமல், கடைக்குப் போவதற்கு முன்னால் எங்கெல்லாம் நடந்து பார்க்க வேண்டும் என்பதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. அல்லது வந்து வந்து நிற்கிறது

குழாய் வாயில் நின்று எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு ஸ்டார்ட்டர் பெட்டியில் உள்ள ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள். ஐந்து ஹெச்.பி. மோட்டார் நல்லபடியாக ஓடும்போது சுமார் 8 ஆம்பியர் எடுக்கும், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். உங்கள் மோட்டாருக்கு அது எவ்வளவு என்பதை மார்கழியில், கிணறு நிறைந்திருக்கும்போதே, பெட்டிக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதி வைத்துவிடுங்கள். அந்த ஓர் எண் இல்லாவிட்டால் மாசியில் மீட்டரைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

முள் எட்டிலிருந்து ஐந்துக்கு, நாலுக்கு இறங்குகிறது, குழாயில் தண்ணீரோடு காற்றும் சேர்ந்து துப்புகிறது என்றால் மோட்டாரில் ஒன்றும் இல்லை. போர்வெல்லில் நீர்மட்டம் பம்புக்குக் கீழே போய்விட்டது, அது சும்மா சுற்றுகிறது. உடனே நிறுத்துங்கள். சப்மெர்சிபிள், அதாவது போர்வெல்லுக்குள் மூழ்கியே கிடக்கிற மோட்டார், தண்ணீரிலேயே குளிர்ந்து ஓடுகிற சாதனம், வெறும் காற்றில் ஓடினால் சீக்கிரமே கருகிவிடும். அரை மணி ஓட்டி ஒரு மணி நேரம் ஊறவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். எத்தனை நிமிடத்தில் முள் இறங்குகிறது என்பதைக் குறித்து வையுங்கள், அதுதான் இந்தக் கோடைக்கு உங்களுக்குக் கிடைக்கும் தண்ணீரின் அளவு. ஆழம் மிச்சம் இருந்தால் இரண்டு குழாய் சேர்த்து இறக்கலாம். தண்ணீர் இல்லாமல் ஓடினால் தானாக நிறுத்தும் கருவி ஒன்று மாட்டிவிடுவது எப்படியும் நல்லது, ராத்திரி மூன்று மணிக்குக் கரண்ட் வந்து தானாக ஓடுகிற மோட்டாரை யார் உட்கார்ந்து பார்ப்பது?

முள் ஏறுகிறது, மோட்டார் கனமாக உறுமுகிறது, கொஞ்ச நேரத்தில் ரிலே (மின்சாரம் அளவுக்கு மீறினால் மோட்டாரை நிறுத்துகிற காப்புக் கருவி) தட்டிவிடுகிறது. இது வேறு கதை. மின்னழுத்தம் குறைவாக இருக்கலாம் (சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஓட்டுகிற மாதம் இது), மோட்டாருக்கு வரும் மூன்று மின் இணைப்பில் ஒன்று, அதாவது ஒரு பேஸ், போயிருக்கலாம், அல்லது நீர்மட்டம் இறங்கியதில் மணல் சேர்ந்து பம்பைப் பிடித்திருக்கலாம். மூன்று பேஸ் விளக்கும் ஒரே வெளிச்சத்தில் எரிகிறதா என்று பார்த்துவிட்டு, எரியவில்லை என்றால் கம்மென்று இருந்துவிடுங்கள். எரிந்தும் உறுமினால் ஆளைக் கூப்பிடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ரிலேயில் குச்சி செருகாதீர்கள். நான் செருகினேன், தக்காளி வாடுகிறதே என்ற பதற்றம். இரண்டு நாள் நன்றாக ஓடியது, மூன்றாம் நாள் மோட்டாருக்குள் இருக்கிற கம்பிச் சுருள், அதாவது காயில், கருகியது. காயில் கட்டுகிற அண்ணன் மோட்டாரைப் பிரித்துவிட்டு, "ரிலே இருக்கறதே மோட்டாரைக் காப்பாத்தத்தானுங்க, நீங்க காவக்காரனையே தூங்க வெச்சுட்டீங்களே" என்றார். அந்த வருடத் தக்காளிக் காசு அப்படியே அவர் கைக்குப் போனது.

முள் சரியாக இருந்தும் மேலே தண்ணீர் குறைவாக வந்தால், மோட்டார் ஓடும்போது போர்வெல் வாயில் காதை வைத்துக் கேளுங்கள். உள்ளே சளசளவென்று தண்ணீர் கொட்டுகிற சத்தம் வந்தால் இறக்கிய குழாயில் எங்கோ ஓட்டை, ஏற்றிய தண்ணீர் அங்கேயே திரும்பி விழுகிறது.

கிணற்று மேட்டில் மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பார்த்தும் இழுக்கவில்லை, உறிஞ்சு குழாயின் அடியில் உள்ள ஃபுட் வால்வையும் மாற்றியாயிற்று என்றால் ஒரு கயிறு விட்டு அளந்து பாருங்கள். பம்பிலிருந்து தண்ணீர் 25 அடிக்குக் கீழே போய்விட்டால் எந்த மோட்டாரும் உறிஞ்சி எடுக்காது, புது வால்வு போட்டும் பயனில்லை. பம்பைத்தான் கிணற்றுக்குள் கீழ்த்திட்டுக்கு இறக்க வேண்டும்.

கடைசி வரிசை மட்டும் வாடுகிறது

சொட்டு நீர் போட்ட தோட்டத்தில் முதல் வரிசை பச்சையாகவும் கடைசி வரிசை மஞ்சளாகவும் இருந்தால், உர மூட்டையைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு டம்ளரைத் தூக்குங்கள். மணிக்கு 8 லிட்டர் விடுகிற டிரிப்பர் ஒரு நிமிடத்தில் 130 மில்லி சொட்ட வேண்டும், சின்ன டம்ளர் ஒன்று. முதல் மரத்தில் ஒரு நிமிடம், கடைசி மரத்தில் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு வருடம் கடைசியில் 40 மில்லிதான் இருந்தது. அந்த மரங்களுக்கு நான் அதற்கு முந்தைய ஆறு மாதமும் பொட்டாஷ் போட்டுக்கொண்டிருந்தேன்!

குறைவாக இருந்தால் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள், டியூப் முனைகளைத் திறந்து மோட்டாரை ஓட்டி அழுக்கை வெளியேற்றுங்கள். சொட்டுகிற இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தால் அது உப்பு, ஆழத்துத் தண்ணீரில் கோடையில் இது கூடும். ஆசிட் விட்டுத்தான் கரைக்க வேண்டும். அதைப் பழகியவரை வைத்துச் செய்யுங்கள், தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

நம் மேற்கு மாவட்டங்களில் பிப்ரவரி முதல் மே வரை தென்னை ஒன்றுக்கு நாளைக்குச் சுமார் 65 லிட்டர் சொட்டு நீர் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு. மரத்துக்கு நாலு டிரிப்பர், இரண்டு மணி நேரம், சரியாக வந்துவிடும். எண்பது மரத்துக்கு 5,200 லிட்டர். இந்த எண்ணையும், போர்வெல் இறங்கும்வரை எவ்வளவு தருகிறது என்று மேலே குறித்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இடிக்கிறது என்றால் எல்லா மரத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, மட்டையும் மஞ்சியும் போட்டு வட்டப்பாத்தியை மூடிவிட வேண்டியதுதான். உரிமட்டை கிடைத்தால் குழிந்த பக்கம் வானத்தைப் பார்க்கிற மாதிரி வரிசையாகப் புதையுங்கள், மழை பெய்தால் அதுவே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

குரும்பை கொட்டுகிறது

முதலில் ஒன்று, தென்னம்பாளையில் இருக்கிற குரும்பையில், அதாவது பிஞ்சுக் காயில், பாதிக்கு மேல் உதிர்வது இயல்பு. எல்லாம் நின்றால் மரம் தாங்காது. அதற்கு மேலும் கொட்டினால்தான் கவலை.

உதிர்ந்த குரும்பையைப் பொறுக்கிப் பாருங்கள். காம்பு அடியில் வெள்ளையாக முக்கோணத் திட்டும் பழுப்புக் கீறலும் இருந்தால் ஈரியோபைட் சிலந்தி. சுத்தமாக இருந்தால் தண்ணீர் அல்லது சத்து. நடுக்குருத்தில் இலை நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டி, விரியாமல் கொக்கி மாதிரி வளைந்திருக்கிறதா? அப்படியானால் போரான் குறைவு, மண்ணைப் பரிசோதித்துவிட்டு வெண்காரம் (போராக்ஸ்) எவ்வளவு என்று கேட்டுப் போடுங்கள்.

இவை எதுவும் இல்லை, இந்த வருடம் தண்ணீரும் நன்றாகவே விட்டேன், அப்படியும் கொட்டுகிறதே என்று புலம்புபவர்கள் இரண்டு வருடம் பின்னால் போய் யோசித்துப் பாருங்கள். இன்று விரிகிற பாளை மரத்துக்குள் உருவாகத் தொடங்கிச் சுமார் 32 மாதம் ஆகிறது. அந்தக் காலத்தில் எப்போது மரத்தைக் காயவிட்டிருந்தாலும் அது இப்போது கணக்குக்கு வரும். போன கோடைக்கு முந்தைய கோடையில் மகள் கல்யாணம் என்று நாற்பது நாள் தோட்டத்துப் பக்கம் போகாமல் இருந்திருப்பீர்கள், மரம் அதை மறக்கவில்லை. இதற்கு மருந்து கிடையாது. கடையில் விற்கிற டானிக் வேரில் கட்டலாம், பல்கலைக்கழகமும் ஒரு டானிக் தருகிறது, ஆனால் வறண்ட மண்ணில் டானிக் மட்டும் கட்டுவது பட்டினி கிடப்பவனுக்கு வெற்றிலை கொடுப்பது மாதிரி.

மட்டை கத்தரியால் வெட்டின மாதிரி இருக்கிறது

விரிந்த மட்டையில் 'வி' வடிவ வெட்டு, குருத்தடியில் ஓட்டை, ஓட்டையில் மென்று துப்பின நார். காண்டாமிருக வண்டு. எல்லாரும் மரத்தில் ஏறிக் கம்பியால் குத்தி எடுக்கிறோம், அதுவும் வேண்டும்தான். ஆனால் வண்டு பிறக்கிற இடம் உங்கள் எருக்குழி. குழியைக் கிளறிப் பாருங்கள், கட்டைவிரல் தடிமனுக்கு வெள்ளைப் புழு சுருண்டு கிடக்கும். மாசியில் எரு அள்ளும்போது கோழிகளைக் குழிக்குள் விட்டுவிடுங்கள், அவை உங்களைவிட நன்றாகப் பொறுக்கும். மிச்ச எருவில் அந்தப் புழுவைக் கொல்கிற மெட்டாரைசியம் பூஞ்சை கலந்துவிட்டால் அடுத்த தலைமுறை கிளம்பாது. மரத்துக்கு, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மேல் மூன்று மட்டைகளின் கவட்டில் போடுங்கள்.

ஓட்டையில் பழுப்பாகச் சாறு வடிந்து கள் புளித்த வாடை வந்தால் அது சிவப்புக் கூன்வண்டு. அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள், தள்ளிப்போட்டால் ஒரு நாள் காற்றில் கொண்டை சாய்ந்துவிடும்.

மட்டை மேலே கரியைப் பூசினாற்போல் கறுத்திருந்தால் கறுப்பைத் துடைப்பதில் பயனில்லை, இலையைத் திருப்புங்கள். அடியில் வெள்ளையாகச் சுருள் சுருளாகக் கோலம் போட்டிருக்கும். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் பார்த்த சுருள் வெள்ளை ஈ இது, மழை இல்லாத மாதங்களில் பெருகும். இதற்குப் பூச்சிமருந்து அடித்தவர்கள் தோப்பில் நிலைமை இன்னும் மோசமானதை நானே பார்த்தேன், ஏனென்றால் இந்த ஈயை உள்ளிருந்தே தின்கிற என்கார்சியா என்ற சின்னக் குளவியைத்தான் அந்த மருந்து முதலில் கொல்லும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடுங்கள், கறுப்பு போக வேண்டுமானால் லிட்டருக்கு 25 கிராம் மைதா காய்ச்சி அடியுங்கள். பசை காய்ந்து உரியும்போது கறுப்பையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்துவிடும்.

மாம்பூ கருகுகிறது, மிளகாய் இலை சுருள்கிறது

மாவில் பூ இருக்கும்போது தண்ணீர் விட்டீர்களா? விட்டிருந்தால் நிறுத்துங்கள், பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகு விடலாம். பூங்கொத்தில் மாவு தூவினாற்போல் இருந்தால் சாம்பல் நோய், நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். கொத்தைத் தட்டினால் பட்பட்டென்று குதித்தால் தத்துப்பூச்சி. பூ நன்றாக மலர்ந்திருக்கும்போது பூச்சிமருந்து வேண்டாம், தேனீ செத்தால் காய் எப்படிப் பிடிக்கும்?

மிளகாய் இலை மேல்நோக்கிப் படகு மாதிரி சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்தி. இரண்டுக்கும் மருந்து வேறு. கடையில் "இலை சுருட்டுது" என்று மட்டும் சொன்னால் இரண்டையும் சேர்த்து விற்றுவிடுவார்கள்.

கோழி தூங்கி வழிகிறது

பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், இறக்கை தொங்குகிறது, கழுத்தைத் திருகுகிறது, அடுத்த நாள் இன்னும் மூன்று கோழி அப்படியே. வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட். வைரஸ், வந்த பிறகு குணமாக்க மருந்து இல்லை. மஞ்சளும் சின்ன வெங்காயமும் கொடுங்கள், தப்பில்லை, ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். நோய் வந்ததை உடனே தனியே அடைத்து, செத்ததை ஆழமாகப் புதைத்துச் சுண்ணாம்பு போடுங்கள். செத்த கோழியை வேலிக்கு அப்பால் வீசுகிறவர்கள் ஊருக்கே நோயைக் கொடுக்கிறார்கள்.

எனக்குப் பதினாலு கோழி செத்த வருடம், காரணம் கூண்டில் இல்லை. சந்தையில் அழகாக இருந்தது என்று ஒரு கறுப்புப் பெட்டையை வாங்கி வந்து அன்று சாயங்காலமே மற்றதோடு விட்டேன். புதுக் கோழியைப் பத்துப் பதினைந்து நாள் தனியே வைத்துப் பார்க்காமல் சேர்க்கக் கூடாது என்று எங்கள் அப்பத்தா சொல்லிக்கொண்டேதான் இருந்தார். கால்நடைத் துறை ஒவ்வொரு வருடமும் பிப்ரவரியில் இரண்டு வாரம் இந்த நோய்க்கு இலவசமாகத் தடுப்பூசி போடுகிறது, அதைத் தவறவிடாதீர்கள். நோய் தெரிகிற கோழிக்குப் போட்டுப் பயனில்லை, நன்றாக இருக்கும்போதே போட வேண்டும்.

முட்டை திடீரென்று நின்றுவிட்டதா? தீவனத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் தட்டுப்போருக்கு (காய்ந்த சோளத்தட்டு அடுக்கின இடம்) பின்னால் பாருங்கள். வெயில் ஏறினதும் பெட்டை கூண்டை விட்டுக் குளுகுளுவென்று வேறு இடம் பார்த்துக்கொள்ளும், பாதி நேரம் பதினெட்டு முட்டையோடு அங்கேதான் இருக்கும். கையை விடுவதற்கு முன் ஒரு குச்சியால் தட்டுங்கள், அந்தக் குளுமையைப் பாம்பும் தேடும். அடைக்கு வைக்கிற முட்டை நாலைந்து நாளுக்குள் இட்டதாக இருக்கட்டும், இந்த வெயிலில் பழைய முட்டை பொரிப்பது குறைவு.

மாடு பால் குறைத்துவிட்டது, சினைக்கும் வரவில்லை

கட்டுத்தரைத் தொட்டியில் நடுப்பகலில் கையை விடுங்கள். சுடுகிறதா? அதுதான் காரணம். கறவை மாடு வெயில் நாளில் 60 லிட்டருக்கு மேல் குடிக்கும், சுடுதண்ணீரை அது எப்படிக் குடிக்கும்? தொட்டியை நிழலுக்கு மாற்றி, அடர்தீவனத்தை அதிகாலையிலும் இருட்டின பிறகும் வைத்துப் பாருங்கள். எங்கள் மாடு ஒரு வாரத்தில் ஒரு லிட்டர் திரும்பக் கொடுத்தது, பிண்ணாக்கு ஒரு பிடிகூட ஏற்றவில்லை.

சினைக்கு வரவில்லை என்பதும் பல நேரம் நாம் பார்க்கவில்லை என்பதுதான். கோடையில் மாடு பகலில் கத்தாது, ராத்திரியில் அறிகுறி காட்டிவிட்டு விடிவதற்குள் அடங்கிவிடும். பத்து மணிக்கு ஒரு முறை, விடியற்காலை ஒரு முறை டார்ச்சோடு போய்ப் பாருங்கள். கண்ணாடி மாதிரி வழும்பு தொங்கினால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் கண்டால் சாயங்காலம், சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை சினை ஊசி. தவறினால் 21 நாள் கழித்துத்தான்.

ஒரே ஓர் அவசரம் இருக்கிறது. தண்ணீர் பற்றாமல் வாடின இளஞ்சோளப் பயிரில் மாடு வாய் வைத்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் மூச்சிரைத்துத் தள்ளாடி விழுந்தால் அது சயனைடு விஷம், வாடின சோளக்குருத்தில் அது ஏறும். கை வைத்தியம் பார்க்க நேரமில்லை, உடனே கால்நடை மருத்துவர், அல்லது 1962-க்குப் போன். சோளம் பூ எடுக்கும்வரை மாட்டை அந்தப் பயிருக்குள் விடாதீர்கள், அறுத்த பின் துளிர்க்கிற மறுதாம்புக்கும் இதேதான்.

ஆடு வயிறு உப்பிப் படுத்துவிட்டது

முந்தின நாள் பக்கத்தில் எங்காவது விருந்தா என்று விசாரியுங்கள். பங்குனி உத்திரம், குண்டம் (தீமிதி), கல்யாணம் எல்லாம் வரிசையாக வருகிற மாதம், மிஞ்சின சோறு கொட்டின இடத்தில் ஆடு மூக்கு முட்டத் தின்றுவிடும். சோறு வயிற்றில் புளித்து அமிலமாகி மறுநாள் காலையில் எழுந்திருக்காது. இடது வயிற்றை அழுத்தினால் மாவு மாதிரி குழியும், பல்லைக் கடிக்கும். மருத்துவர் வரும்வரை தீவனத்தை நிறுத்துங்கள், ஆப்பசோடா கரைத்து ஊற்றுவதை அவரிடம் போனில் அளவு கேட்டுச் செய்யுங்கள், ஆட்டைப் படுக்கவைத்து வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். எங்கள் வீட்டில் இப்போது விருந்துக்கு இலை போடும்போதே ஆடுகளைக் கட்டிவிடுகிறோம். மிச்சச் சோறு நேராக வரப்போரம் வெட்டின புதுக் குழிக்குப் போகும், மேலே மண் தள்ளியாயிற்றா என்று அப்பத்தா வந்து பார்த்த பிறகுதான் கயிறு அவிழும்.